கைப்பேசியில் பொதுவும் சிறப்பும்

தமிழிலக்கணம் பயிலும் மாணவர்கள், பாயிரம் இருவகைப்படும் என்பதை அறிவார்கள். எல்லா நூல்களுக்கும் பொருந்துவது பொதுப்பாயிரம். ஒரு நூலுக்கு மட்டுமே உரிய செய்திகளைக் கூறுவது சிறப்புப்பாயிரம். நன்னூல் ஆசிரியர் பவணந்தி முனிவர் இவ்விரண்டையும் ஒன்றோடொன்று கலக்காமல் தனித்தனியே வைத்து விளக்கினார். ஆசிரியன் பெயரும், நூல் வந்த வழியும், அது வழங்கும் எல்லையும் நூலுக்கு நூல் மாறுபடும். நூலின் இயல்பும், ஆசிரியனது இயல்பும், மாணாக்கனது இயல்பும் அவ்வாறு மாறுவன அல்ல. மாறுவதையும் மாறாததையும் பிரித்து வைக்கும் இந்த ஒழுங்கு, இலக்கணத்துக்கு மட்டும் உரியதன்று; மனிதன் செய்யும் எந்தப் பெரிய அமைப்புக்கும் உரியது.

நேயர்களே, இன்று நம்மில் பெரும்பாலோர் கையில் இருக்கும் கைப்பேசிக்கும் இந்த ஒழுங்கு பொருந்தும். அதனுள்ளே இயங்கும் மென்பொருளிலும் பொது என்று ஒரு பகுதி உண்டு. சிறப்பு என்று ஒரு பகுதி உண்டு. பல ஆண்டுகள் அவ்விரண்டும் ஒன்றாகப் பிசைந்து வைக்கப்பட்டிருந்தன. அதனால் நேர்ந்த இடர் யாது, அவற்றைப் பிரித்தவர்கள் எந்த முறையைக் கையாண்டார்கள், பிரித்த பின்னும் எஞ்சி நிற்கும் சிக்கல்கள் யாவை என்னும் மூன்று செய்திகளை இப்பேச்சில் காண்போம்.

ஒரு கைப்பேசி நம் கைக்கு வந்து பேசத் தொடங்குவதற்கு மூவருடைய உழைப்பு வேண்டும். கருவியைச் செய்து விற்பவர் ஒருவர். கருவியின் செயல்கள் அனைத்தையும் ஆளுகின்ற அடிப்படை மென்பொருளை எழுதுபவர் மற்றொருவர். ஆண்ட்ராய்டு, ஐ.ஓ.எஸ். என்பன அத்தகைய அடிப்படை மென்பொருள்கள். இவற்றை இயங்குதளம் என்றும் வழங்குவர். கோபுரங்களை நட்டு, அலைவரிசைக்கு உரிமம் பெற்று, நம் பேச்சையும் செய்தியையும் வானில் ஏற்றிச் செல்பவர் மூன்றாமவர். இவரைச் சேவை நிறுவனம் என்று அழைப்போம். சில கருவிகளில் முதல் இருவரும் ஒருவராகவே இருப்பதுண்டு. ஆனால் சேவை நிறுவனமோ நாட்டுக்கு நாடு வேறு. ஒரே நாட்டிலும் பல. உலகெங்கும் அத்தகைய நிறுவனங்கள் பல நூறு இருக்கின்றன.

எல்லா நிறுவனங்களும் உலகப் பொதுவான தொழில்நுட்ப விதிகளின்படியே நடக்கின்றன. அவ்வாறிருக்க, ஒரு நிறுவனத்துக்கென்று தனியே கைப்பேசி அறிய வேண்டியது என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். பல இருக்கின்றன. இணையத்துக்குள் நுழைய ஒவ்வொரு நிறுவனமும் ஒரு வாயிலுக்குப் பெயர் இட்டிருக்கிறது. அப்பெயர் தெரியாத கைப்பேசி வாயிலின் வெளியே நிற்கும். படத்தோடு கூடிய செய்தியை அனுப்புவதற்குரிய முகவரி வேறு. நாம் இல்லாதபோது பிறர் விட்டுச் செல்லும் குரற்பதிவைக் கேட்பதற்குரிய எண் வேறு. நம் கைப்பேசியின் இணையத் தொடர்பைப் பக்கத்திலுள்ள கணினிக்குப் பகிர்ந்துகொடுக்கலாமா கூடாதா என்பதில் ஒரு நிறுவனம் இசையும். மற்றொன்று தனிக் கட்டணம் கேட்கும். வீட்டிலுள்ள வைஃபை இணைப்பின் வழியே தொலைபேசி அழைப்பைச் செலுத்தும் வசதி ஓரிடத்தில் உண்டு; ஓரிடத்தில் இல்லை.

இவற்றுள் மிகவும் நுட்பமானது நான்காம் தலைமுறை வலைகளில் குரலை அனுப்பும் முறையாகும். அதற்கு முந்திய வலைகளில் குரலுக்கென்று தனிப்பாதை இருந்தது. நான்காம் தலைமுறை வலையோ தரவுப் பொட்டலங்களை மட்டுமே சுமப்பது. அதில் குரலும் பொட்டலங்களாக மாறிச் செல்லவேண்டும். வோல்டி என்று நாம் கேள்விப்படுவது இந்த முறையைத்தான். இதற்குரிய பொதுவிதிகள் வகுக்கப்பட்டிருந்தும், அவ்விதிகள் பல இடங்களில் விருப்பத்துக்கு இடம் கொடுக்கின்றன. ஆகவே ஒரு நிறுவனத்தின் வலையில் தெளிவாகப் பேசும் கைப்பேசி, வேறொரு நிறுவனத்தின் வலையில் ஊமையாகிவிடக்கூடும்.

தான் எந்த நிறுவனத்துக்கு உரியது என்பதைக் கைப்பேசி எவ்வாறு அறிகிறது? அதனுள் நாம் செருகும் சிம் அட்டையே அதைச் சொல்கிறது. 1991-ஆம் ஆண்டு பின்லாந்து நாட்டில் முதன்முதலாக இயங்கத் தொடங்கிய ஜி.எஸ்.எம். வலையோடு இவ்வட்டையும் வழக்கத்துக்கு வந்தது. அட்டையில் பதினைந்து இலக்கங்களுக்கு மிகாத ஓர் எண் பதிந்திருக்கும். அதன் முதல் மூன்று இலக்கங்கள் நாட்டைக் குறிக்கும். 404, 405 என்று தொடங்கினால் அது இந்திய நாட்டு அட்டை. அடுத்து வரும் இரண்டு அல்லது மூன்று இலக்கங்கள் நிறுவனத்தைக் குறிக்கும். எஞ்சியவை வாடிக்கையாளரைக் குறிக்கும். வாடிக்கையாளரின் அடையாளத்தைக் கருவியிலிருந்து பிரித்து, ஒரு சிறிய அட்டையில் ஏற்றிக் கழற்றி மாட்டும்படி செய்தது அக்காலத்தில் ஓர் அரிய ஏற்பாடு. ஆனால் அட்டையைப் பிரித்தவர்கள், அந்த அட்டைக்கு ஏற்ப நடந்துகொள்ள வேண்டிய மென்பொருளை அப்போது பிரிக்கவில்லை.

அதனால் என்ன நேர்ந்தது என்று பார்ப்போம். அடிப்படை மென்பொருளை எழுதுவோர், நிறுவனத்தின் பெயர் இன்னதாயின் இவ்வாறு செய், அன்றாயின் அவ்வாறு செய் என்னும் கட்டளைகளை மென்பொருளின் நடுவிலேயே எழுதிச் சேர்த்தனர். ஒரு நிறுவனத்துக்காக ஒரு வரி, மற்றொன்றுக்காக இன்னொரு வரி எனச் சேர்ந்து, ஆண்டுகள் செல்லச் செல்ல அது புதர் மண்டிய தோட்டம்போல் ஆயிற்று. மேலும் ஒரே வகைக் கருவிக்கு, நிறுவனத்துக்கு ஒன்றாகப் பல தனிப் பதிப்புகளை உருவாக்கும் வழக்கமும் வளர்ந்தது.

இதன் சுமையை ஒரு சிறு கணக்கினால் உணரலாம். ஒரு தொழிற்சாலை பத்து வகைக் கருவிகளைச் செய்கிறது என்றும், அவற்றை இருபது சேவை நிறுவனங்களுக்கு விற்கிறது என்றும் கொள்வோம். ஒவ்வொரு கருவிக்கும் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தனிப் பதிப்பு வேண்டுமானால் பத்தை இருபதால் பெருக்கவேண்டும். இருநூறு பதிப்புகள் ஆகின்றன. பொதுப்பகுதியில் ஓர் எழுத்தைத் திருத்தினாலும் இருநூறு பதிப்புகளையும் மீண்டும் உருவாக்கி, மீண்டும் சோதிக்கவேண்டும். கருவிக்குரிய பகுதியையும் நிறுவனத்துக்குரிய பகுதியையும் பிரித்து வைத்திருந்தாலோ, பெருக்கலுக்கு மாறாகக் கூட்டல் போதும். பத்தும் இருபதும் முப்பதுதான். பிரித்து வைப்பதனால் வரும் பயன் முழுவதும் இந்தக் கணக்கில் அடங்கிவிடுகிறது.

இது தொழிற்சாலையின் செலவைப் பற்றிய செய்திதானே, நமக்கென்ன என்று இருந்துவிட முடியாது. 2015-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் ஒரு பெரும் பழுது வெளிப்பட்டது. ஒலிக் கோப்புகளையும் ஒளிக் கோப்புகளையும் படித்துக் காட்டும் ஸ்டேஜ்ஃபிரைட் என்னும் மென்பொருள் பகுதியில் அப்பழுது இருந்தது. தீயவர் ஒருவர், நம் தொலைபேசி எண்ணை மட்டும் அறிந்திருந்தால் போதும். வஞ்சகமாகச் செய்த ஒரு படச்செய்தியை அனுப்பி, நாம் அதைத் திறந்து பார்க்கும் முன்பே கைப்பேசிக்குள் புகுந்துவிடலாம். ஏறத்தாழ 95 கோடி கருவிகள் இவ்விடருக்கு உட்பட்டவை என்று அதைக் கண்டறிந்த நிறுவனம் மதிப்பிட்டது.

பழுதைத் திருத்தும் வழி விரைவிலேயே எழுதப்பட்டுவிட்டது. ஆனால் மருந்து ஆயத்தமாக இருந்தும் நோயாளியை அடையவில்லை. இயங்குதளத்தை எழுதியவர் கொடுத்த திருத்தத்தைக் கருவி செய்பவர் தம் பதிப்புகளில் சேர்க்கவேண்டும். அதன்பின் பல நாடுகளில் சேவை நிறுவனம் அதைத் தன் வலையில் சோதித்து இசைவளிக்கவேண்டும். அதற்குப் பிறகே அது பயனாளரை அடையும். பழுதுற்ற பகுதிக்கும் எந்தச் சேவை நிறுவனத்துக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. எனினும் எல்லாம் ஒரே மூட்டையாகக் கட்டப்பட்டிருந்தமையால், மூட்டை முழுவதும் பலர் கைமாறி வரவேண்டியிருந்தது. பல கருவிகள் மாதக்கணக்கில் காத்திருந்தன. திருத்தம் வராமலே பழையனவாகிப்போன கருவிகளும் உண்டு. ஜெர்மனியின் டாய்ச் டெலிகாம் நிறுவனம், படச்செய்திகள் தாமாகவே கைப்பேசிக்குள் இறங்குவதைத் தன் வலையிலேயே சில காலம் நிறுத்திவைத்தது. வீட்டின் கதவைப் பழுது பார்க்க முடியாதபோது தெருவை அடைத்தது போன்ற ஏற்பாடு அது.

இதற்குத் தீர்வு யாது? நம் உழவர்கள் நெடுங்காலமாகக் கையாண்டு வந்த ஒரு முறையே தீர்வு. மரக் கலப்பையின் நுனியில் இரும்புக் கொழு மாட்டப்பட்டிருக்கும். மண்ணோடு பொருது தேய்வது கொழு. அது தேய்ந்தால் உழவன் கொல்லனிடம் சென்று வேறு கொழு மாட்டிக்கொள்வான். கலப்பையைத் தூக்கி எறியமாட்டான். கலப்பை பொது; கொழு சிறப்பு. மென்பொருளில் இவ்வாறு கழற்றி மாட்டத்தக்க பகுதியைச் செருகு நிரல் என்கிறோம்.

செருகு நிரல் முறைக்கு மூன்று அங்கங்கள் இன்றியமையாதவை. முதலாவது எல்லை: எது பொது, எது சிறப்பு என்று தெளிவாக வரையறுக்கவேண்டும். இரண்டாவது இடைமுகம்: நம் வீட்டுச் சுவரிலுள்ள மின்துளைகளின் அளவும் இடைவெளியும் முன்னரே உறுதிசெய்யப்பட்டிருப்பதால், எந்த ஊரில் வாங்கிய மின்விசிறியும் அதில் பொருந்துகிறது, அதுபோலப் பொதுப்பகுதியும் சிறப்புப்பகுதியும் எவ்வாறு வினவி எவ்வாறு விடை பெறும் என்பதை முன்கூட்டியே உடன்பட்டு எழுதிவைக்கவேண்டும். மூன்றாவது இயல்பு நிலை: செருக வேண்டியது செருகப்படாவிட்டாலும் கருவி முற்றிலும் செயலற்றுப் போகாமல், தீங்கில்லாத ஒரு பொதுநிலையில் நிற்கவேண்டும்.

ஐபோன் 2007 ஜூன் மாதம் விற்பனைக்கு வந்தபோது, அமெரிக்காவில் ஏ.டி. அண்டு டி. என்னும் ஒரே நிறுவனத்தின் வலையில் மட்டும் இயங்கியது. அவ்வாண்டு நவம்பரில் பிரிட்டன், ஜெர்மனி, பிரான்சு ஆகிய நாடுகளில் வேறு வேறு நிறுவனங்களின் வலைகளுக்கும் சென்றது. நிறுவனத்துக்கு ஒரு மென்பொருள் என்று அதைச் செய்தவர்கள் பிரிக்கவில்லை. அடிப்படை மென்பொருள் எங்கும் ஒன்றே. ஒவ்வொரு நிறுவனத்துக்கும் உரிய அமைவுகள் மட்டும் ஒரு சிறு கட்டாகத் தனியே வைக்கப்பட்டன. இயங்குதளத்தைத் தொடாமல் அக்கட்டை மட்டும் புதுப்பிக்கவும் இயலும். சேவை நிறுவன அமைவுகளைப் புதுப்பிக்கவா என்று ஐபோன் சில வேளைகளில் கேட்பதைப் பார்த்திருப்பீர்கள். அது இந்தச் சிறு கட்டைப் பற்றிய கேள்வியே ஆகும்.

ஆண்ட்ராய்டின் நிலை இதனினும் கடினமானது. பல தொழிற்சாலைகள் செய்யும் கருவிகளில் அது இயங்குவது. 2015-ஆம் ஆண்டு வெளிவந்த அதன் ஆறாம் பதிப்பில், நிறுவனங்களின் வேறுபாடுகளை ஓர் அட்டவணை வடிவில் பிரித்தெடுக்கும் முறை சேர்க்கப்பட்டது. இப்போது தொலைபேசிப் பகுதி, நிறுவனத்தின் பெயர் யாது என்று கேட்பதில்லை. வைஃபை வழியே அழைக்கும் வசதி உண்டா, நான்காம் தலைமுறை வலையில் குரல் செல்லுமா என்று பண்பைப் பற்றியே கேட்கிறது. விடை ஓர் அமைவு மேலாளரிடமிருந்து வருகிறது. பெயரைக் கேட்பதற்கும் பண்பைக் கேட்பதற்கும் உள்ள வேறுபாடு சிறியதாகத் தோன்றும். ஆனால் நாளை புதிதாக ஒரு நிறுவனம் தோன்றினால், பெயரைக் கேட்கும் மென்பொருளைத் திருத்தியாக வேண்டும். பண்பைக் கேட்கும் மென்பொருளைத் திருத்த வேண்டியதில்லை.

அது இயங்கும் வகையை வரிசையாகச் சொல்கிறேன். ஒருவர் ஒரு நிறுவனத்தின் அட்டையை எடுத்துவிட்டு வேறு நிறுவனத்தின் அட்டையைச் செருகுகிறார். கைப்பேசி அட்டையிலுள்ள எண்ணைப் படிக்கிறது. உடனே இயங்குதளத்தோடு வந்த இயல்பு மதிப்புகள் அட்டவணையில் நிரப்பப்படுகின்றன. அவற்றின்மேல், அந்த நிறுவனத்துக்கென்று கருவியில் சேமித்து வைத்துள்ள மதிப்புகள் எழுதப்படுகின்றன. அந்நிறுவனத்தின் சொந்தச் செயலி கருவியில் இருந்தால், அது கொடுக்கும் மதிப்புகள் இறுதியாக எழுதப்படுகின்றன. பின்னர் எழுதியது முன்னதை மேவும். எழுதப்படாத இடத்தில் இயல்பு மதிப்பே நிலைக்கும். சிறப்பு விதி கூறப்படாத இடத்தில் பொதுவிதியே செல்லும் என்று இலக்கணம் கூறும் முறையும் இதுவன்றோ? முடிவில், அமைவுகள் மாறிவிட்டன என்னும் அறிவிப்பு எழ, தொலைபேசிப் பகுதி புதிய அட்டவணையைப் படித்து அதன்படி நடக்கத் தொடங்குகிறது.

இங்கே ஒரு சிறு சிக்கல் தோன்றியது. சொந்தக் கோபுரங்கள் இல்லாமல், பெரிய நிறுவனத்தின் வலையைக் குத்தகைக்கு எடுத்துத் தம் பெயரில் சேவை விற்கும் சிறு நிறுவனங்கள் பல நாடுகளில் உண்டு. அவற்றின் அட்டையிலும் பெரிய நிறுவனத்தின் எண்ணே இருக்கும். எண்ணை மட்டும் நோக்கினால் இருவரும் ஒருவராகத் தோன்றுவர். ஆகவே 2018-இல் வந்த ஒன்பதாம் பதிப்பில், அட்டையிலுள்ள வேறு குறிப்புகளையும் சேர்த்து நோக்கி நிறுவனத்தை நுட்பமாக அடையாளம் காணும் முறை அமைக்கப்பட்டது. நல்ல எல்லையை ஒரே நாளில் வரைந்துவிட முடியாது என்பதற்கு இது சான்று.

அட்டவணையால் மட்டும் எல்லாத் தேவைகளும் நிறைவேறுவதில்லை. ஆம், இல்லை என்னும் விடைகளுக்கு அட்டவணை போதும். ஒரு செயலையே நிறுவனத்தின் முறைப்படி செய்ய வேண்டுமானால் அதற்கு ஒரு நிரல் வேண்டும். இந்திய நாட்டில் 2016 செப்டம்பரில் ஜியோ நிறுவனம் சேவையைத் தொடங்கியபோது, அதற்கு நான்காம் தலைமுறை வலை மட்டுமே இருந்தது. பழைய குரற்பாதை இல்லை. அவ்வலையில் பேசும் திறனற்ற நான்காம் தலைமுறைக் கைப்பேசிகளை வைத்திருந்தோர் பலர். அவர்களுக்காக அந்நிறுவனம் ஒரு தனிச் செயலியைக் கொடுத்தது. அதன் வழியே அவர்களால் பேச முடிந்தது. அடிப்படை மென்பொருளில் இல்லாத ஒன்றை, அதைத் திருத்தாமலே, வெளியிலிருந்து செருகிய ஒரு பகுதி நிறைவேற்றியது.

ஆனால் வெளியிலிருந்து வரும் நிரலைக் கருவியின் உள்ளறை வரையில் விடுவது அச்சம் தரும் செயல். நிறுவனத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டு கள்வனும் வரலாம் அல்லவா? 2015-இல் வந்த ஆண்ட்ராய்டு 5.1 பதிப்பில் இதற்கு ஓர் அழகிய வழி காணப்பட்டது. செயலியை எழுதிய நிறுவனம் அதில் தன் மின்னொப்பத்தை இடுகிறது. அந்த ஒப்பத்துக்குரிய சான்றிதழிலிருந்து கணக்கிட்டுப் பெறும் ஒரு நீண்ட எண் உண்டு. அது மனிதனுக்குக் கைரேகை போன்றது. அந்த எண்ணைத் தான் வழங்கும் சிம் அட்டையிலேயே நிறுவனம் பதித்துவிடுகிறது. செயலியின் கைரேகையும் அட்டையிலுள்ள கைரேகையும் ஒத்திருந்தால் மட்டுமே கைப்பேசி அச்செயலிக்குத் தனியுரிமை அளிக்கிறது. அட்டையைக் கழற்றிவிட்டால் உரிமையும் போய்விடுகிறது. அந்த உரிமைக்கும் அளவு உண்டு. இணைய வாயிலின் பெயரை மாற்றலாம். குரற்பதிவு எண்ணை அமைக்கலாம். அமைவு அட்டவணையில் தன் மதிப்புகளை எழுதலாம். நம்முடைய படங்களையும் கடிதங்களையும் பார்க்க அந்த உரிமை செல்லாது. அதற்குப் பிற செயலிகளைப்போல நம்மிடம் இசைவு கேட்டாக வேண்டும்.

இந்த அளவு வகுத்தல் எவ்வளவு தேவையானது என்பதைப் பழைய நிகழ்ச்சி ஒன்று காட்டும். 2011-ஆம் ஆண்டின் இறுதியில், அமெரிக்கச் சேவை நிறுவனங்கள் விற்ற கைப்பேசிகள் பலவற்றில் கேரியர் ஐ.க்யூ. என்னும் மென்பொருள் உள்ளே புதைத்து வைக்கப்பட்டிருந்தது வெளியாயிற்று. வலையின் குறைகளை அறிவதற்கே அது பயன்படுகிறது என்று விளக்கம் தரப்பட்டது. ஆயினும் பெரும்பாலான பயனாளர்களுக்கு அது இருப்பதே தெரியாது. தெரிந்தாலும் எளிதில் அகற்ற இயலாது. அந்நாட்டு மக்கள் மன்றத்திலும் செனட் சபையிலும் அதைப் பற்றிக் கேள்விகள் எழுந்தன. சிறப்புப்பகுதி, பொதுப்பகுதியோடு கரைந்து கிடக்கும்போது யார் எதற்குப் பொறுப்பு என்பதும் கரைந்துவிடுகிறது.

பிரித்து வைத்துவிட்டால் எல்லாத் தீமையும் நீங்கிவிடும் என்றும் எண்ணவேண்டா. 2019-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஏ.டி. அண்டு டி. நிறுவனம், தன்னுடைய மேம்படுத்தப்பட்ட நான்காம் தலைமுறை வலையில் இருக்கும் கைப்பேசிகளின் திரையில், ஐந்தாம் தலைமுறையை நினைவூட்டும் 5ஜி ஈ என்னும் குறியீட்டைத் தோன்றச் செய்தது. போட்டி நிறுவனமாகிய ஸ்பிரிண்ட் வழக்குத் தொடுத்தது. அமெரிக்க விளம்பரத் துறையின் தன்னொழுங்கு மன்றமும் 2020-இல் அவ்வகை விளம்பரங்களைக் கைவிடுமாறு பரிந்துரைத்தது. கைப்பேசியின் திரையில் தோன்றும் ஒரு குறியை மாற்றும் உரிமை சிறிய உரிமைதான். ஆனால் அக்குறியை நம்பியே பயனாளர் முடிவு செய்கிறார். எந்தெந்த மதிப்புகளைச் சேவை நிறுவனத்தின் கையில் விடலாம், எவற்றை விடலாகாது என்பது பொறியியல் கேள்வி மட்டுமன்று. அறத்தைப் பற்றிய கேள்வியும் ஆகும்.

எல்லை தவறான இடத்தில் விழுவதாலும் இடர் உண்டு. நம் நாட்டில் 2022 அக்டோபர் முதல் நாள் ஐந்தாம் தலைமுறைச் சேவை தொடங்கி வைக்கப்பட்டது. அதற்கு முன்னரே ஐந்தாம் தலைமுறை அலைகளை ஏற்கும் உறுப்புகளோடு கைப்பேசிகளை வாங்கியிருந்தோர் பலர். கருவி இருந்தது, வலை இருந்தது, ஆயினும் பல கருவிகளில் சேவை கிடைக்கவில்லை. இந்திய வலைகளுக்குரிய மென்பொருள் அவற்றில் திறக்கப்படாமல் இருந்ததே காரணம். மென்பொருளை விரைந்து புதுப்பிக்குமாறு அரசு கருவி நிறுவனங்களிடம் வற்புறுத்தியது. ஐபோன்களுக்கு அத்திறன் அவ்வாண்டு டிசம்பரில், இயங்குதளத்தின் 16.2-ஆம் பதிப்போடு வந்து சேர்ந்தது. நிறுவன அமைவுகளைத் தனிக் கட்டாக வைத்திருந்த கருவியிலேயே, இந்த வசதி முழுப் பதிப்போடு சேர்ந்து வரவேண்டியிருந்தது என்பதைக் கவனியுங்கள்.

சில மாதங்கள் வேகமான இணையம் கிடைக்காமற் போவது பொறுத்துக்கொள்ளத்தக்க இழப்பு. உயிர் காக்கும் அழைப்பு கிடைக்காமற் போவது அத்தகையதன்று. ஆஸ்திரேலியாவில் ஆபத்து வேளையில் அழைக்கும் எண் மூன்று சுன்னங்கள். அந்நாட்டின் டெல்ஸ்டிரா, ஆப்டஸ் நிறுவனங்கள் 2024 அக்டோபர் இறுதியில் தம் மூன்றாம் தலைமுறை வலைகளை மூடத் தொடங்கின. அப்போது ஒரு வியப்பான உண்மை மக்களுக்குத் தெரியவந்தது. சில கைப்பேசிகள் நாள்தோறும் பேசும் அழைப்புகளை நான்காம் தலைமுறை வலையில் நன்றாகவே செலுத்தின. ஆனால் ஆபத்து அழைப்பை மட்டும் பழைய மூன்றாம் தலைமுறை வலையிலேயே செலுத்தும்படி அமைக்கப்பட்டிருந்தன. பழைய வலை மூடப்பட்டால், எல்லாம் சரியாக இருப்பதுபோல் தோன்றும் அக்கருவி, வேண்டிய ஒரு நொடியில் கைவிட்டுவிடும். ஆகவே ஆபத்து எண்ணை அழைக்க இயலாத கருவிகளுக்குச் சேவை அளிக்கலாகாது என்று அந்நாட்டில் விதி செய்யப்பட்டது. உறுப்புகளில் குறையில்லாமல், வெளிநாட்டில் வாங்கப்பட்டு, அந்நாட்டு வலைக்குரிய அமைவு மட்டும் இல்லாத கருவிகளும் அதனால் பயனற்றுப்போயின. ஒரு சிறு அட்டவணையில் ஒரு வரி சரியாக எழுதப்பட்டுள்ளதா என்பது சில வேளைகளில் ஓர் உயிரின் விலை ஆகிவிடுகிறது.

இதிலிருந்து நாம் அறிவது, செருகு நிரல் முறை வேலையைக் குறைக்கும் உபாயம் மட்டுமன்று. பொறுப்பை வகுக்கும் உபாயமும் ஆகும் என்பதே. பழுதைத் திருத்துவது பொதுப்பகுதியை எழுதியவரின் கடமை. அத்திருத்தம், எந்த வணிகரின் வசதிக்காகவும் காத்திராமல் எல்லோரையும் சேரவேண்டும். தன் வலைக்கு ஏற்ற அமைவைச் சரியாகவும் உடனுக்குடனும் கொடுப்பது சேவை நிறுவனத்தின் கடமை. கருவியில் இரண்டும் கூடி இயங்குகின்றனவா என்று சோதிப்பது கருவி செய்பவரின் கடமை. மூன்றும் கலந்து கிடந்தபோது ஒவ்வொருவரும் மற்றவரைச் சுட்டிக்காட்ட இடம் இருந்தது. பிரித்து வைத்தபின் அவ்விடம் குறைந்துவிட்டது.

இந்த முறையின் பயனை உணர்ந்தபின் அதை வேறு இடங்களுக்கும் விரித்தனர். கருவியின் சில்லுகளுக்குரிய மென்பொருளை இயங்குதளத்திலிருந்து பிரிக்கும் டிரெபிள் என்னும் திட்டம் 2017-இல் ஆண்ட்ராய்டின் எட்டாம் பதிப்போடு வந்தது. ஸ்டேஜ்ஃபிரைட் பழுது கண்ட ஒலி ஒளிப் பகுதியைப் போன்ற உட்பகுதிகளையும் தனித்தனிக் கூறுகளாக்கி, இயங்குதளம் முழுவதையும் மாற்றாமல் புதுப்பிக்கும் முறை 2019-இல் பத்தாம் பதிப்போடு வந்தது. 2015-இல் மாதக்கணக்கில் காத்திருந்த திருத்தம் போன்றதொன்று, இன்று அத்தகைய கூறுகளில் நேரே பயனாளரை அடைய வழி பிறந்திருக்கிறது.

கல்லூரிகளில் கணினி நிரல் எழுதப் பழகும் மாணவர்களுக்கு இறுதியாக ஒன்று சொல்லலாம். நீங்கள் எழுதும் நிரலில், இன்னார் என்றால் இவ்வாறு செய் என்னும் கட்டளையை எழுத நேரும்போது சற்று நின்று எண்ணிப் பாருங்கள். அங்கே பொதுவும் சிறப்பும் கலக்கத் தொடங்குகின்றன. முதல் வரியை எழுதும்போது அது எளிதாகவே இருக்கும். இருபதாவது வரியில்தான் சுமை தெரியும். மாறக்கூடியது எது என்று முன்னரே ஆராய்ந்து, அதற்கு ஓர் இடம் ஒதுக்கி, அந்த இடத்துக்குள் யார் வரலாம், வந்து என்ன செய்யலாம், யாரும் வராவிட்டால் என்ன ஆகும் என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை எழுதிவையுங்கள். நம் முகம் அறியாத ஒருவர், நாம் பார்த்திராத ஓர் ஊரில், ஆபத்து வேளையில் கைப்பேசியை எடுத்து எண்ணை அழுத்தும்போது, அவருடைய அழைப்பு செல்லும் வழி இந்த விடைகளைப் பொறுத்தே அமையும்.